மூடி உடைந்த பாட்டில்

ஜூன் 3

மகள் புது போன் கொடுத்திருக்கிறாள். நான் பேசினால் அது எழுதிக்கொள்கிறது. தேதியையும் தானே போட்டுக்கொள்கிறது. பொத்தானை அழுத்தினால் எழுதியதை ஒரு பெண் குரலில் படித்துக் காட்டுகிறது. "தினமும் என்கிட்ட சொல்றதை இதுகிட்ட சொல்லுப்பா, டைரியா இருக்கும்" என்றாள். சொல்வது நான். எழுதுவது அது. படிப்பது எவளோ ஒருத்தி. அப்போ டைரி யாருடையது? ஒன்றும் பிடிபடவில்லை.

ஜூன் 5

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. கெமிஸ்ட்ரி லேபைத் திறந்தால், என் அலமாரி என் அலமாரியாக இல்லை. புது டீச்சர் லீவிலேயே வந்து, பாட்டில்களைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய லேபிளை உரித்து, புதிது ஒட்டி, ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கிவிட்டாராம்.

"இனிமே கண்ணை மூடிட்டு எடுக்கலாம், ஐயா."

லேப் அட்டெண்டராக முப்பத்தொரு வருடமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் முடியவில்லை.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது இங்கே யாருக்கும் தெரியாது. எதையாவது நீட்டினால், "கண்ணாடி வீட்ல இருக்கு" என்பேன். கண்ணாடி என்று ஒன்று எனக்குக் கிடையாது. விஷயம் வெளியே வந்தால்? அறுபத்தேழு வயதுக்காரனை வீட்டுக்கு அனுப்ப ஒரு சாக்கு போதும்.

ஜூன் 6

எழுத்துக்கு நேராகக் காட்டினால் போன் வாசிக்குமாம். காலையில் யாரும் வருவதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலாகக் காட்டினேன். பட்பட்டென்று சொல்கிறாள் உள்ளே இருப்பவள். கெட்டிக்காரி. நாற்பது பாட்டிலும் புது இடத்தோடு மனதில் ஏறிவிட்டன.

ஒன்றில்தான் சிக்கல். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு புதன்கிழமை, நல்ல மழை. அப்போதிருந்த சார் கை தவறி ஒரு பாட்டிலைப் போட்டார். மூடியில் அரை நகம் அளவு உடைந்தது. "ஐயோ, என் பேரியம்!" என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பாட்டிலைக் காட்டினால் போன் ஸ்ட்ரான்ஷியம் என்கிறது. ஸ்ட்ரான்ஷியம் பாட்டிலைக் காட்டினால் பேரியம் என்கிறது. மூன்று முறை காட்டியும் அதேதான்.

அவளுக்குப் படிக்கத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்போ தப்பு என்னுடையதா? புத்தி பேதலிக்குதா எனக்கு?

ஜூன் 7

"நான் எதையாவது மறந்துபோறேனாம்மா?" என்று மகளிடம் கேட்டேன்.

"நான் மூணாங்கிளாஸ்ல தொலைச்ச பென்சிலை இன்னும் சொல்லிக்காட்டுறே. நீயாவது மறக்கிறதாவது!"

மஞ்சள் பென்சில். பின்பக்கம் கடித்தது.

ஜூன் 10

டீச்சர் பேரியம் கேட்டார். போன் சொன்ன பாட்டிலையே கொடுத்தேன். உப்பைக் கம்பியில் தொட்டுத் தீயில் காட்ட வேண்டும். பேரியம் என்றால் தீ பச்சையாகும். ஸ்ட்ரான்ஷியம் என்றால் சிவப்பு. டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டு குனிந்திருந்தார். நான் மேசை மேசையாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சிவப்பு. செக்கச்செவேல்.

இருபத்திரண்டு பிள்ளைகளில் இருபத்தொரு பேர் பச்சை என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசி மேசைக்காரி மட்டும் சிவப்பு.

"பேரியம்னா என்ன கலர்?"

"பச்சை, மிஸ்."

"பின்னே?"

"எரிஞ்சது சிவப்பா இருந்துச்சே, மிஸ்."

"கம்பியைக் கழுவாம பண்ணியிருப்பே. புக்கைப் பாரு."

பார்க்காததை எழுதினவர்களுக்குப் பத்துக்குப் பத்து. பார்த்ததை எழுதினவளுக்கு முட்டை. முழுப் பரீட்சையில் இந்த மார்க்கும் சேருமாம். இதுக்குப் பேரு சயின்ஸா?

என் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வரைக்கும் சரி.

ஜூன் 11

சொல்லவில்லை.

ஜூன் 12

இன்றும் சொல்லவில்லை. சொன்னால், லேபிள் தப்பு என்று உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வருமே. அந்தக் கடைசி மேசைப் பெண் அழுக்கே இல்லாத கம்பியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 13

சொல்லிவிட்டேன்.

"டீச்சர், அந்த ரெண்டு பாட்டில்லயும் லேபிள் மாறியிருக்கு."

"நான்தானே ஒட்டினேன்! சரியாப் படிச்சுப் பாருங்க, ஐயா."

"கண்ணாடி—" என்று ஆரம்பித்தேன். அதோடு விட்டுவிட்டேன். "எனக்குப் படிக்கத் தெரியாது, டீச்சர். மூடியைத்தான் தெரியும்."

அவர் இரண்டு பாட்டிலையும் எடுத்தார். அடுப்பைப் பற்றவைத்தார். பேரியம் லேபிள் ஒட்டியதிலிருந்து சிவப்பு வந்தது. மூடி உடைந்ததிலிருந்து பச்சை. "ரெண்டையும் ஒரே தொட்டியில ஊறப்போட்டேன்..." என்று தனக்குத்தானே முனகினார். பிறகு நோட்டை எடுத்து என்னவோ எழுதினார். அவளுடைய மார்க்கா, என்னைப் பற்றிய புகாரா? படிக்கத் தெரிந்திருந்தால் தலைகீழாகவாவது பார்த்திருக்கலாம்.

ஜூன் 16

கடைசி மேசைக்காரிக்குப் பத்து. மற்ற இருபத்தொரு பேரும் மறுபடி செய்ய வேண்டும். "அவ ஒருத்திதான் தீயைப் பார்த்திருக்கா. நானும் பார்க்கல" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார். "எல்லாரும் என்மேல செம கடுப்புல இருக்காங்க, தாத்தா" என்றாள் அவள். முகம் என்னவோ சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

ஹெட்மாஸ்டர் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை? கூப்பிடாவிட்டாலும் பயமாக இருக்கிறது.

ஜூன் 18

ஹெட்மாஸ்டரே லேபுக்கு வந்தார். கையில் ஒரு சுற்றறிக்கை. "படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று என்னிடம் நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் எட்டி வாங்கிக்கொண்டார்.

"ஐயா கண்ணாடி வீட்ல இருக்கு, சார். நான் படிச்சுக் காட்டிடுறேன்."

அன்றைக்கு நான் 'கண்ணாடி' வரைக்கும்தானே சொன்னேன்?