காற்றுத் திருடன் பேசுகிறேன்

நிலவுக் குடியிருப்பு, காற்று நிலையம்
பணிப்பதிவு: பொறியாளர் அருள்விழி

காலை 10:05
அழுத்தம் சரி. ஆக்ஸிஜன் சரி. வடக்குக் குழாயில் லேசான உறைபனி, சூடேற்றியாயிற்று. நிலையத்தில் நான் மட்டும்; பிள்ளைகள் இருக்கும் குடியிருப்புக் கூடம் இங்கிருந்து வெகு தூரம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவனைத் தவிர பெரியவர்கள் எல்லாரும் பனி வெட்டும் களத்தில்.

இன்று ஆட்டத் திருநாள். வெளியிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: முதல் வருடம் சரக்குக் கப்பல் வராமல் போனபோது, இங்கிருந்த பிள்ளைகளை அழாமல் வைத்திருந்தது ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. அந்த நன்றிக்கு வருடா வருடம் விழா. பெட்டிக்குப் பொட்டு வைப்போம். கூடத்தின் மணி, கதவு, எச்சரிக்கை ஒலி எல்லாம் அன்றைக்கு மட்டும் கேம் சத்தமாக மாறும். பிள்ளைகள் ஆளுக்கொரு வாக்கிடாக்கியோடு கூடத்தையே ஆட்டக்களமாக்கி ஓடுவார்கள். காற்று நிலையத்தில் இருப்பவர்தான் வில்லன், காற்றுத் திருடன். இந்த வருடம் நான்.

என் மகள் மகிழினிக்கு ஆறு வயது. முதல் முறையாக விளையாடுகிறாள். காலையில் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். அதுவே மனசில் கிடக்கிறது.

11:20
கூடத்தின் காற்றுச் சுத்திகரிப்பு விசிறி நின்றுவிட்டது. மோட்டார் எரிந்திருக்கிறது. இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. சின்னக் கூடம், உள்ளே அத்தனை பிள்ளைகள். கரியமில வாயு வேகமாக ஏறுகிறது. எச்சரிக்கை ஒலித்தது, தங்கக் காசு கொட்டும் சத்தத்தில். பிள்ளைகள் கைதட்டுவது வாக்கிடாக்கியில் கேட்டது.

11:26
கூடத்துப் பொறுப்பாளன் பூவரசனை அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, செம! குரல் நடுங்குது பாருங்க, அப்படியே நிஜம் மாதிரி!"

"தம்பி, மகி மேல சத்தியம். விசிறி நின்னுபோச்சு. எல்லாரையும் சுரங்கப்பாதைக்குக் கூட்டிட்டுப் போ. அங்க காத்து நல்லா இருக்கு."

பின்னால் ஓடிய கேம் இசையை அவன் நிறுத்துவது கேட்டது.

"ஐயோ. சரிக்கா."

11:38
போக மாட்டேன் என்கிறார்கள். "பூவா மாமா திருடன் கட்சில சேர்ந்துட்டாரு டோய்!" என்று ஓடி ஒளிகிறார்கள். ஒவ்வொருவராகப் பிடிக்க நேரம் இல்லை. பூவரசனுக்கே மூச்சு வாங்குகிறது.

வேண்டாம் என்றால்தானே செய்வார்கள். வாக்கிடாக்கிப் பொத்தானை அழுத்தினேன்.

"காற்றுத் திருடன் பேசுகிறேன்! சுரங்கப்பாதைக்குள்ள எவனும் வரக்கூடாது! அங்கதான் என் புதையல் இருக்கு!"

11:43
ஓடினார்கள். கூச்சல் வாக்கிடாக்கியில் காதைப் பிளந்தது. சிரித்துவிட்டேன், அழுகையோடு.

"எல்லாம் உள்ள வந்துட்டாங்கக்கா. கதவ சாத்திட்டேன். இருங்க... அக்கா. மகி இல்ல."

11:45
அவளே பேசினாள், ரகசியம் மாதிரி.

"அம்மா, உன் குரல் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வரக்கூடாதுன்னு நீ சொன்னல்ல? அதான் நான் மட்டும் போகல. நான்தான் குட் கேர்ள்."

ஓடு மகி, உடனே ஓடு என்று கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. எல்லா வாக்கிடாக்கிக்கும் ஒரே அலைவரிசை; ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை வேறு யார் பேசுவதும் எவர் காதிலும் விழாது. அவள் விரலை எடுக்கவே இல்லை.

11:52
வண்டியில் போனால் ஒன்றரை மணி நேரம். பனிக்களத்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கும் அதே தூரம். கூடத்துக் கதவு திறந்ததைத் திரை காட்டியது; பூவரசன் உள்ளே திரும்பப் போயிருக்கிறான். சுவாச முகமூடி இல்லாமல்.

"மாமா தேடுறாரும்மா. பக்கத்துல வந்துட்டாரு. நான் மாட்ட மாட்டேன். மூச்."

மகி, மகி என்று அவன் கூப்பிடுவது அவள் மைக்கில் கேட்கிறது. கை நீட்டினால் எட்டும் தூரம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவன் இருமுகிறான். இன்னும் இருமுகிறான். ஏதோ விழுந்தது.

12:01
"மாமாவும் படுத்துட்டாரும்மா. எனக்கும் தூக்கமா வருது. இப்ப வரட்டுமா?"

வா. வாடி என் தங்கமே, வா.

"அம்மா? நீ சொன்னாத்தான் வருவேன்."

12:04
மூச்சு மட்டும் கேட்கிறது, அதுவும் விட்டு விட்டு. பொத்தான் இன்னும் அழுந்தித்தான் இருக்கிறது. வாயால் சொல்வது போய்ச் சேரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன், பைத்தியம் மாதிரி. மகி, விரலை எடு. ஒரே ஒரு தடவை எடு கண்ணே. அம்மா உன்னை வரச் சொல்கிறே