சாம்பல் தெருவின் கடைசி இதழ்

கூத்தாநல்லூர்
11.9.1983

அன்பு நண்பன் சவரிராஜுக்கு கோவிந்தராசு எழுதுவது. இங்கே அம்மா, அண்ணன், நான் எல்லோரும் ஒருவாறு இருக்கிறோம். நீ பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல் வேலைக்குப் போய் வருவாய் என்று நம்புகிறேன். தண்ணீர் தாமதமாக வந்ததால் இந்த வருடம் குறுவை பாதிப் பேருக்குத்தான். சொசைட்டிக்கு யூரியா வரவில்லை. வருகிறவர்கள் எல்லாம், நான்தான் வீட்டில் ஒளித்து வைத்திருப்பதுபோல என்னைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். அது கிடக்கட்டும். நான் கொதித்துப்போய் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

'சாம்பல் தெரு' படம் நம் ஊர்க் கொட்டகைக்கு வந்துவிட்டது. நாம் மாதாமாதம் அடித்துக்கொண்டு படித்த அதே சித்திரக்கதைதான். அதில் ஒவ்வொரு பக்கத்திலும் பாதி கறுப்பு மையாக இருக்கும், படித்து முடித்தால் கட்டைவிரலில் ஒட்டும். சஸ்பெண்டான போலீஸ்காரன் கிருபாகரன் ஒருநாளாவது சிரித்து நீ பார்த்திருக்கிறாயா? படத்தில் அவன் சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பூந்தோட்டத்தில் ஆடுகிறான். தையல்காரர் வைத்தியலிங்கம் ஒரு காலத்தில் கிருபாகரனைப் போலவே மழைக்கோட்டு தைத்து, அதைச் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்டு திரிந்தாரே, அவர் முதல் பாட்டிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். பீடி தீர்ந்ததும் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி வந்து உட்கார்ந்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். முடிவைத்தான் பொறுக்க முடியவில்லை. கிருபாகரன் உப்புக் கிடங்கில் ஒளிந்திருக்கிறான் அல்லவா, அவனுக்குத் தினமும் சோறு கொண்டுபோகிற நண்பன் ஜோதிதான் போலீஸுக்கு இடத்தைச் சொன்னான் என்று காட்டிவிட்டார்கள். கொட்டகையே கத்தியது. திரையை நோக்கி ஒரு செருப்பும் பறந்தது. வாடகைப் புத்தகக் கடை ஹாஜா மைதீன் வாசலில் நின்றுகொண்டு, அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்களை எல்லாம் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னார்.

கடைசி இதழ் நம் ஊருக்கு வரவே இல்லை. புயலில் ரயில் நின்றுபோன மாதம் அது. மதுரையில் மாமா வீட்டில் இருந்து அதைப் படித்துவிட்டு வந்தவன் நீ ஒருவன்தான். ஹாஜா கடை வாசலில் இருபது பேர் சுற்றி நிற்க, காட்டிக்கொடுத்தவன் கிடங்கின் காவல்காரன் என்று நீ சொன்னாய். வைத்தியலிங்கம் உடனே, நம் ஊரிலும் அதுதானே நடந்தது என்றார். அண்ணனைப் போலீஸுக்குக் காட்டிக்கொடுத்தவர் என்று, பண்ணைக் களத்துக்குக் காவல் இருந்த துரைராசு சித்தப்பாவைத்தான் சொன்னார். அதுவரை நம் தெருவில் அவர்மேல் சந்தேகம்தான் இருந்தது. அன்றிலிருந்து சந்தேகம்கூட இல்லை, அவர்தான் என்று முடிவே ஆகிவிட்டது.

படத்தில் ஜோதி சோற்றோடு நடக்கிற காட்சியில் எனக்குத் திரையே தெரியவில்லை. அறுப்புக் கூலித் தகராறில் அண்ணனைப் போலீஸ் தேடிய அந்த ஐப்பசியில், வெண்ணாற்றங்கரை மோட்டார் கொட்டகையில் ஒளிந்திருந்தவருக்கு நீ தூக்குவாளியில் சோறு கொண்டுபோனதுதான் தெரிந்தது. நான் போனால் என் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்று நீ போனாய். அப்படி ஒருவனைத் துரோகியாகக் காட்டினால் எனக்கு எப்படி இருக்கும்?

படக் கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் எழுதியிருக்கிறோம். இதுவரை நாற்பத்து மூன்று கையெழுத்து. உன் தங்கை அமலியும் பள்ளிக்கூட டீச்சர்களோடு படத்துக்கு வந்திருந்தாள். கையெழுத்துக் கேட்டதற்குத் தலைவலி என்று சொல்லிப் போய்விட்டாள். மூலக்கதையைப் படித்த ஒரே ஆள் நீ. முடிவு என்னவென்று நீயே ஒரு தாளில் எழுதி அனுப்பு, அதையும் சேர்த்துவிடுகிறோம். உடனே எழுது.

உன் நண்பன்,
கோவிந்தராசு

*

கூத்தாநல்லூர்
2.10.1983

சவரி,

உன் கடிதம் கிடைத்தது. படம் படமாக இருக்கட்டும், கையெழுத்தெல்லாம் வேண்டாம், விட்டுவிடு என்று மூன்று வரி எழுதியிருந்தாய். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பம்பாய்க்குப் போனதும் இவனுக்கு நம் ஊர் விவகாரம் சின்னதாகிவிட்டது என்று ஹாஜா மைதீனிடம் புலம்பினேன்.

அந்த வாரமே அவருடைய அக்கா ஹபீபுன்னிசா ஒரு கல்யாணத்துக்காகப் பினாங்கிலிருந்து வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாம்பல் தெரு சென்னையிலிருந்து நேராகக் கப்பல் தபாலில் போய்க்கொண்டிருந்ததாம். நம் ரயில் நின்றால் அவர்களுக்கு என்ன? தம்பி ஆசைப்பட்டுக் கேட்டிருந்தான் என்று பெட்டியிலிருந்து ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அடியில் கடைசி இதழ் இருந்தது.

கடையில் ஆறு பேர் தலையை முட்டிக்கொண்டு படித்தோம். படம் முடிவை மாற்றவில்லை சவரி. ஜோதிதான். முழுப் பக்கத்துக்கு அவன் முகம் வரைந்திருக்கிறார்கள். அந்தக் கதையில் காவல்காரன் என்று ஒருவன் இல்லவே இல்லை.

ஹாஜா விழுந்து விழுந்து சிரித்தார். நம்மை இத்தனை வருடம் நன்றாக ஏமாற்றிவிட்டான், ஆனாலும் இவன் சொன்ன முடிவு மூலத்தைவிட மேல் என்றார். வைத்தியலிங்கம் இப்போது படம் அப்படியொன்றும் மோசமில்லை என்று கட்சி மாறி இரண்டாம் தடவையும் போய் வந்துவிட்டார். கண்டனக் கடிதத்தைக் கிழித்துப்போட்டோம். எல்லோருக்கும் இது ஒரு வேடிக்கையாக முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் சொசைட்டியில் மூட்டைக் கணக்கைத் தப்புத் தப்பாகப் போட்டேன். ஒரு மனிதன் படித்த கதையை ஏன் மாற்றிச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு உன் அப்பா ஞாபகம் வந்தார். புயலுக்கு முதல் நாள் அவரை விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அண்ணனைப் பிடித்த அன்று மாலை அவரை விட்டுவிட்டார்கள். உதடு கிழிந்து வீங்கிய முகத்தோடு அவர் வீடு வந்து சேர்ந்தார். அடுத்த வாரம் நீ மதுரைக்குப் போனாய். இவ்வளவும் என் கண் முன்னால்தான் நடந்தது. இரண்டையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நேற்று துரைராசு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. அவர் சம்சாரம் ராசம்மாள் சின்னம்மா இறந்தபோதுகூட நம் தெருவிலிருந்து தோள் கொடுக்க யாரும் போகவில்லை, மைத்துனர் ஊரிலிருந்து நான்கு பேரைக் கூட்டிவந்துதான் தூக்கினார். அன்றைக்கு நானும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். இப்போது அவருக்கு நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. தை பிறக்கும்வரை தாங்குமா என்று டாக்டரே இழுக்கிறார். கயிற்றுக் கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை.

தப்புச் செய்துவிட்டோம் சித்தப்பா என்று மட்டும் சொன்னேன். உன் பெயரை நான் எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார்.

"அன்னைக்கி சவரி போலீஸ் ஜீப்புலேருந்து எறங்குனத நான் களத்து மேட்டுலேருந்து பாத்தேன்டா. மொகத்த பொத்திக்கிட்டு அழுதுகிட்டே போனான்."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் இல்லேன்னு சொன்னேனே, எவன் காதுல வாங்குனான்? பண்ணைக் காவக்காரன் பேச்ச நீ நம்பியிருப்பியா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மன்னித்துவிட்டார் என்று உனக்கு எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. ஹாஜாவோ வைத்தியலிங்கமோ இதையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. காலையில் அண்ணன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டபோது வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவரைப் பிடித்த அன்று ஸ்டேஷனில் உடைத்த கால் அது, இன்றுவரை மடங்காது. சங்கத் தேர்தலில் நிற்கப் போகிறார். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார், பேச்சுக்கு நடுவில் துரைராசு கதையையும் சொல்கிறார். காட்டிக்கொடுத்தவனின் வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காதீர்கள் என்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. நேற்றுவரை நானும் முன்வரிசையில் நின்று தட்டியவன்தான்.

நான் அவரிடம் சொல்லமாட்டேன். நண்பனைக் காட்டிக்கொடுக்கிற வேலை எனக்கும் வேண்டாம். அதை நீதான் சொல்லவேண்டும், துரைராசு சித்தப்பா காது கேட்கும்போதே சொல்லவேண்டும். அவர் போன பிறகு நீ சொல்லி அழுது என்ன பயன்? தபாலில் எழுதிவிடாதே. லீவு போட்டுவிட்டு நேரில் வா.

அண்ணன் கத்துவார். கைத்தடியை ஓங்கினாலும் ஓங்குவார். நான் உன் பக்கத்தில் நிற்பேன். எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், அது பொய். கோபம்தான். நீ செய்ததைவிட, அதைக் கொண்டுபோய் இன்னொருவர் தலையில் வைத்தாயே, அதற்குத்தான். ஆனால் பத்தொன்பது வயதில் என் அப்பாவை அப்படிக் கொண்டுபோயிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் அப்பா உயிரோடு வீடு வந்த அன்று உன்னைக் கட்டிக்கொண்டு சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கிளம்பும் முன் ஒரு தந்தி கொடு. திருவாரூர் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன், அங்கிருந்து நீ தனியாக வரவேண்டாம். வேளாங்கண்ணி மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இன்னும் உன் நண்பன்,
கோவிந்தராசு