காசி ஓட்டலில் சீம்பால்

காசி,
பரிதாபி வருஷம் கார்த்திகை 10 (1912)

அத்தான் பூதலிங்கம் பிள்ளை அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் தில்லைநாயகம் எழுதிக்கொண்டது. காந்திமதி அம்மை துணையால் பழுதில்லாமல் வந்து சேர்ந்தேன். அக்காளையும் கோமுவையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

நீங்கள் சொன்னபடி மடத்தில் தங்கவில்லை. நம் கோமுவுக்குப் பார்த்திருக்கும் சேரன்மாதேவிப் பையன் ஞானசம்பந்தன் கணக்கெழுதும் வெள்ளைக்கார ஓட்டலிலேயே இறங்கிவிட்டேன். துரைமாருக்குத்தான் இடம் என்றார்கள். பிறகு என் சரிகைத் தலைப்பாகையையும் வைரக் கடுக்கனையும் பார்த்து, ஏதோ ஜமீன் என்று நினைத்துக் கதவைத் திறந்தார்கள். நம் வீடு முழுவதும் இவர்கள் கூடத்துக்குள் அடங்கிவிடும். கட்டிலில் ஏறுவதற்கே ஒரு படி போட்டிருக்கிறார்கள். காலையில் கங்கையில் முழுகினேன். நம் தாமிரபரணி மாதிரி இறங்கியதும் தரை தெரிகிற ஆறு இல்லை. பக்தியை விடப் பயம்தான் முந்தி வந்தது.

பையன் பார்க்க லட்சணமாக இருக்கிறான். நான் யாரென்று காட்டிக்கொள்ளவில்லை. ஒன்றுதான் உறுத்துகிறது. மத்தியானமானால் துணி போட்டு மூடிய தூக்குச்சட்டியோடு ஆற்றுப் பக்கம் தனியே போகிறான்.

என் சாப்பாட்டைப் பற்றி அக்காள் கவலைப்பட வேண்டாம். ரொட்டி மாவில் கள் சேர்ப்பார்களாமே, அதைத் தொடவில்லை. பழம், பால், அப்புறம் தினமும் சீம்பால்! மேலே பாகு ஊற்றி, தட்டில் ஆடிக்கொண்டே வருகிறது. மாமிசம் ஏதும் உண்டா என்று பட்லரிடம் கேட்டேன். காதைத் தொட்டுக்கொண்டு, பாலும் சர்க்கரையும் என்றான். எழுதும்போதே நாக்கில் இனிக்கிறது.

தங்கள் மைத்துனன்,
தில்லைநாயகம்

திருநெல்வேலி,
கார்த்திகை 17

சிரஞ்சீவி மைத்துனர் தில்லைநாயகத்துக்குப் பூதலிங்கம் ஆசீர்வாதம். உம் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவையில் நிம்மதி போய்விட்டது.

சைவப் பிள்ளை எதற்குச் சட்டியைத் துணி போட்டு மூட வேண்டும்? தின்னக்கூடாததைத் தின்கிறானா? இல்லை, அங்கே யாரையாவது சேர்த்துக்கொண்டு அவளுக்குச் சோறு சுமக்கிறானா? பின்னாலேயே போய்க் கண்ணால் பார்த்து எழுதும்.

சீம்பால் விஷயமும் எனக்குச் சரியாகப் படவில்லை. நம் தொழுவத்தில் பசு கன்று போட்டால் நாலைந்து நாளில் சீம்பால் நின்று போகும். அங்கே தினமும் எந்தப் பசுவய்யா கன்று போடுகிறது? பையன் உம்மை அடையாளம் கண்டுகொண்டு, எங்கிருந்தோ வரவழைத்துத் தின்னக் கொடுத்து மயக்குகிறான். உம் நாக்கு எனக்குத் தெரியாததா?

தையில் முகூர்த்தம் வைப்பதா, இந்தப் பேச்சையே விடுவதா என்பது உம் பதிலில் இருக்கிறது. கோமு எதுவும் கேட்பதில்லை. தபால்காரன் குரல் கேட்டால் மட்டும் அடுக்களை வாசலுக்கு வந்துவிடுகிறாள். தாய்மாமன் நீர், எதையும் மறைக்காதேயும்.

பூதலிங்கம்

காசி,
கார்த்திகை 24

அத்தான் அவர்களுக்கு,

பின்னாலேயே போனேன். படித்துறையில் பையன் தன்னந்தனியாக உட்கார்ந்து சட்டியைத் திறந்தான். உள்ளே அவன் கையால் பொங்கிய சோறும் பருப்புத் துவையலும். கேட்டதற்கு, மாமிசம் வேகிற கூரையின் கீழ் உட்கார்ந்து சாப்பிட மனம் ஒப்பவில்லை என்றான். அந்தக் காற்றுப் படக்கூடாதென்றுதான் துணி.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. நான் இன்னார் என்று சொல்லிவிட்டேன். பதறி எழுந்து, "மாமா, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றான். "வேண்டாம்டே, ஓட்டல்ல சீம்பால் தின்னது இன்னும் வயித்துல கிடக்கு" என்றேன். அவன் கை அப்படியே நின்றுவிட்டது. சட்டியை மூடி ஓரமாக வைத்தான்.

"மாமா, சொல்லாம இருக்க மனசு கேக்கல. அது சீம்பால் இல்ல. கோழிமுட்டையப் பாலுல அடிச்சு அவிச்சுத் தாராவ. இப்பிடிப்பட்ட எடத்துல வேல பாக்குதவனுக்குப் பொண்ணு இல்லேன்னு நீங்க சொன்னாலும் சரி, இன்னொரு தடவ நீங்க அதைத் தின்னக்கூடாது."

படியிலேயே வாந்தி எடுத்தேன். அவன்தான் தலையைப் பிடித்துக்கொண்டான். உடுத்த துணியோடு கங்கையில் விழுந்து எழுந்தேன். அன்றைக்கே மடத்துக்கு வந்துவிட்டேன், பிராயச்சித்தமும் செய்துகொண்டேன்.

அத்தான், அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. கோமுவை யோசிக்காமல் இவனுக்குக் கொடுங்கள்.

தங்கள் மைத்துனன்,
தில்லைநாயகம்

திருநெல்வேலி,
மார்கழி 2

தில்லைநாயகத்துக்கு,

பையனை ஒப்புக்கொண்டேன். காரியம் கெட்டாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்னவன்மேல் இனி எனக்குச் சந்தேகமில்லை. தையில் முகூர்த்தம்.

சந்தேகம் உம்மேல்தான். தெரியாமல் தின்றீர், சரி. நாக்கில் இனிக்கிறது என்று எழுதினவரும் நீர்தானே? கண்ட ருசியை நாக்கு விடுமா? நாளைக்குத் தெரிந்தே தின்ன மாட்டீர் என்று நான் எதை வைத்து நம்புவது? சொந்தக்காரர்கள் காதில் விழுந்தால் பந்தியில் கை நனைக்காமல் எழுந்து போவார்கள். மாமன் சடங்குக்கு உம் தம்பி பாபநாசத்தை நிற்கச் சொல்லிவிட்டேன். நீர் அங்கேயே யாத்திரையை நீட்டிக்கொள்ளும்.

உம் அக்காள் என்னோடு பேசுவதில்லை.

பூதலிங்கம்

காசி,
மார்கழி 10

அத்தான் அவர்களுக்கு,

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது.

கடிதத்தில் அதைச் சீம்பால் என்றே விட்டிருந்தால் தையில் நான் கோமுவின் பக்கத்தில் நின்றிருப்பேன். ஆனால் பையனை நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். ஒருவன் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டு சொன்னால்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும். போட்டுக்கொண்டேன். இது தெரிந்தேதான் எழுதினேன் என்பதையாவது நம்புங்கள்.

மாமன் சீராக ஒரு காசிப் பட்டு எடுத்திருக்கிறேன். அரக்குச் சிவப்பு, கோமுவின் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும். மாப்பிள்ளை கொண்டுவருவார். நனைத்தால் பாழாகிவிடும் என்று கடைக்காரன் சொன்னான். என் கை பட்ட தீட்டு என்று உங்களுக்குத் தோன்றினால், நனைத்துவிட்டே அவளிடம் கொடுங்கள்.

இனி உங்களுக்கு எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
கோமுவின் தாய்மாமன்
தில்லைநாயகம்