துண்டுக்கடியில் ஒன்பது விரல்

அன்புள்ள லோகுக் கண்ணுக்கு,

கணபதியிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் முழங்கால் வலி நீங்கலாகச் சுகம், வலி அம்மாவுக்கு, அதைப் பற்றி விசாரிக்கிற வேலை எனக்கு. அங்கே லாவோஸில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் காப்பித் தோட்ட முதலாளி கம்போனிடம் உன் சம்பளத்தை நான் பேசி முடித்துவிட்டேன். அவர் கடைக்கு வந்தால் மோட்டாரைக் காட்டுங்க, டீ வாங்கிக் குடுங்க, என் வேலையைப் பத்தி மட்டும் வாயைத் தொறந்துபோடாதீங்கப்பா என்று நீ மூன்று தரம் சொன்னாய். நான் வாயைத் திறக்கவே இல்லை. கையால்தான் பேசினேன். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், அதனால்தான் கடிதம். அவரிடமே கொடுத்தனுப்புகிறேன், அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

மற்றவர்கள் பிள்ளைகள் சிங்கப்பூர், துபாய், ஆஸ்திரேலியா என்று சம்பளம் அதிகமுள்ள ஊராகப் பார்த்துப் போனார்கள். சரவணம்பட்டி ஆபீசில் மாதம் ஐம்பத்திரண்டாயிரம் வாங்கிக்கொண்டிருந்த நீ, அதை விட்டுவிட்டு இருபத்து நாலாயிரத்துக்கு வேலை தேடி வெளிநாடு போனாய். நம் கடை டெம்போ டிரைவர் அதைவிட நாலாயிரம் கூட வாங்குகிறார், வெளிநாட்டுச் சம்பளத்தைக் கேட்டதிலிருந்து அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்கிறார். புள்ள மாசா மாசம் அனுப்புதுங்களா என்று கேட்கிறவர்களிடம், நாந்தானுங்க அனுப்புறேன் என்று சொல்லி என் வாய் வலித்துவிட்டது. இதில் உன் அம்மா வேறு. உனக்கு அவர் முதலில் சொன்ன சம்பளம் அந்த ஊர்க் காசில் அறுபது லட்சம் கிப், நம் ஒரு ரூபாய்க்கு இருநூற்றைம்பது கிப் வரும். சூலூரில் ஒரு கல்யாணத்தில் அம்மா அறுபது லட்சம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, கிப் என்பதைச் சாப்பாட்டுப் பந்தியில் விழுங்கிவிட்டாள். மறுநாள் காலையில் உன் பெரியம்மா வள்ளியாத்தாள் வந்து உட்கார்ந்தாள், இன்னும் நாலு தறி போடலாம்னு இருக்கறோம், உங்க புள்ளையோட ஒரு மாசச் சம்பளத்தக் குடுத்தாப் போதுமுங்க மாப்ள என்றாள். உண்மையைச் சொன்னால் இருபத்து நாலாயிரம் என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அறுபது லட்சம் கொடுக்க வேண்டும். வயிற்று வலி என்று சொல்லிப் பின்வாசல் வழியாகக் கடைக்குப் போய்விட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதியோடு உன் விசா முடிகிறது, அதற்குள் கம்போன் வேலைக் கடிதம் கொடுக்காவிட்டால் நீ மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். மாடி அறைக்குப் பெயிண்ட்கூட அடித்துவிட்டேன். நீ வந்தால் கடையைப் பார்த்துக்கொள்வாய், ஒரு வரன் பார்க்கலாம் என்று என் கணக்கு. ஆகவே கம்போன் புதன்கிழமை கடைக்குள் வந்தபோது, இந்த ஆள் கடிதம் கொடுக்காமல் இருக்க என்ன வழி என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆள் நல்லவர்தான், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், அதில் பாதிக் கோபம் போயிற்று. இங்கிலீஷுக்கு, பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் அப்துல் மஜீத் பாயைக் கூப்பிட்டுக்கொண்டேன், அவர் மலேசியாவில் ஏழு வருஷம் இருந்தவர்.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் பன்னிரண்டு மோட்டார் வேண்டும் என்றார். கடையில் அப்போது காரமடையிலிருந்து வந்த இரண்டு விவசாயிகள் நின்றார்கள், இவருக்குச் சொல்கிற விலை அவர்கள் காதில் விழுந்தால் அவர்களும் அதையே கேட்பார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை, பதினெட்டு வயதில் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்த பழக்கம், தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு உள்ளே விரலைப் பிடித்துவிட்டேன். அவர் என்னமோ நம் ஊர் மரியாதை போலிருக்கிறது என்று எழுந்து நின்று தலை குனிந்து கும்பிட்டார். மஜீத் பாய் விளக்கிச் சொன்னார், ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மொத்தமாகப் பிடித்தால் ஐந்து, மேலே போக மறுபடி பிடிக்க வேண்டும், முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்று. அந்த மனுஷன் ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டார் கண்ணு. அதோடு விட்டாரா, என்னையே மடக்கிவிட்டார். ஒரு மோட்டாருக்கு அறுநூறு ரூபாய் குறைத்துப் பிடித்துக்கொண்டு விரலை விடவே மாட்டேன் என்கிறார். காரமடைக்காரர்கள் மோட்டாரை விட்டுவிட்டுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோற்ற எரிச்சலில்தான் உன் பேச்சை எடுத்தேன். துண்டை இன்னொரு தரம் போட்டு, இது லோகப்பிரியா சம்பளம், விரலுக்குப் பத்து லட்சம் கிப் என்று பாயை விட்டுச் சொல்லச் சொன்னேன். ஐந்தும் ஐந்தும் பிடித்து மேலே இரண்டு விரலை அழுத்தினேன், பன்னிரண்டு. தருவதாகச் சொன்னதே ஆறு, இதைக் கேட்டதும் கையை உதறிக்கொண்டு போய்விடுவார், நீ இருபத்தைந்தாம் தேதி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். அவர் உதறவில்லை. ஏழு பிடித்தார். அங்கேதான் எனக்குக் கெட்டுப் போயிற்று. ஏழா, என் பிள்ளைக்கா என்று ரத்தம் தலைக்கு ஏறி, பேரத்தை உடைக்க வந்தவன் என்பதையே மறந்துபோய்ப் பதினொன்று பிடித்தேன். அவர் எட்டு. நான் மறுபடி பதினொன்று. அவர் கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டார். மஜீத் பாய் என் காதில், விடுங்க கவுண்டரே, பேரம் ஒடஞ்சுபோச்சுன்னா புள்ள ஊட்டுக்கு வந்துரும், அதானுங்களே உங்களுக்கு வேணும் என்றார். அதுதான் வேண்டும். நானும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

அந்த மனுஷன் செருப்பைப் போட்டுக்கொண்டே பாயிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். உன்னைப் பற்றித்தான். காப்பிக் கொட்டை எடுக்க வரும் வியாபாரிகள் விலை சொன்னால் நீ பதில் சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடிப்பாயாம், நீ குடித்து முடிப்பதற்குள் அவர்களே விலையை ஏற்றிவிடுவார்களாம், இரண்டு மாதத்தில் எந்த வியாபாரியும் தண்ணீர் ஜக்கைப் பார்த்தாலே பயப்படுகிறானாம். அதைக் கேட்டதும் நான் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, அப்பா தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். இங்கே ஆபீசில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த நாலு வருஷத்தில் ஒரு நாளாவது நீ இப்படிச் சாமர்த்தியம் காட்டியதாக யாராவது வந்து சொன்னார்களா. ஏனுங்க, வாங்க உள்ளே என்று நானே தெருவுக்கு இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன், துண்டு இல்லாமலே பிடித்தேன். அம்மாவிடம் அன்று மாலை சொன்னபோது, புள்ளையக் கூட்டிக்கிட்டு வரப் போன ஆளு வித்துப்போட்டு வந்திருக்கறீங்க என்றாள். ராத்திரி எனக்கு மோர் மட்டும்தான்.

கம்போன் இப்போது துண்டும் கையுமாக அலைகிறார். காந்திபுரத்தில் இரண்டு டஜன் வாங்கியிருக்கிறார். நேற்று மெஸ்ஸில் எத்தனை இட்லி வேண்டும் என்று கேட்ட சப்ளையரின் கையில் துண்டைப் போட்டு நாலு விரலைப் பிடித்துவிட்டார், அந்த ஆள் தட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். ஆட்டோக்காரர் ஒருவர் பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அங்கே வந்தாலும் இதையேதான் செய்வார், பயப்படாதே, அடுத்த வருஷம் சம்பளம் ஏற்றும்போது நீயே பேச வேண்டும், ஆகவே விரல் கணக்கைப் பழகிக்கொள். வலது கையில் மோதிரம் போடாதே, மோதிர விரலை அழுத்தினால் வலியில் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

அவரிடம் பருப்புப் பொடி, நல்லெண்ணெய், அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் துவரம்பருப்பு, எல்லாம் கொடுத்திருக்கிறது. அம்மா இரண்டு லிட்டர் கிரைண்டரையும் கட்டிவிட்டாள். பதினோரு கிலோ. அவர் தன் துணிப்பெட்டியை இங்கே வைத்துவிட்டுக் கிரைண்டரைக் கொண்டு வருகிறார், தலைதீபாவளிக்கு வந்த மருமகன்கூட இவ்வளவு பணிவாக இருக்க மாட்டான். கிரைண்டர் கல்லை எண்ணி வாங்கிக்கொள், இரண்டு இருக்க வேண்டும். அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பு. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும், கம்போனே கேட்டாலும், ஜெராக்ஸ்தான் கொடுக்க வேண்டும். பெரியம்மா போன் செய்தால் எடுக்காதே. மாடி அறைப் பெயிண்ட் வீணாகவில்லை, அதில் இப்போது கம்போனின் பெட்டி இருக்கிறது.

நீ எந்த ஊரில் நின்றாலும் உன் பேச்சு செல்ல வேண்டும், உடம்பு நோகாமல், மனசு நோகாமல் நல்லா இரு கண்ணு. வேலைக் கடிதத்தை அவர் கொடுத்ததும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு, அவர் மாற்றிப் பேசினால் தெரிய வேண்டும் என்பதற்காக முடிந்ததை எழுதிவிடுகிறேன். ஒரு வருஷத்துக்கு வேலைக் கடிதம், விசாச் செலவு அவருடையது. சம்பளம் ஒன்பது விரல், தொண்ணூறு லட்சம் கிப், நம் காசுக்கு முப்பத்தாறாயிரம். பத்தாவது விரலையும் நான் விடவில்லை, அதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த விரல், வருஷா வருஷம் காரமடைத் தேருக்கு உன்னைப் பத்து நாள் இங்கே அனுப்பி வைப்பதற்கு, டிக்கெட் அவர் செலவு. அதற்காக மோட்டாருக்கு இன்னும் இருநூறு குறைத்துக் கொடுத்தேன், பன்னிரண்டு மோட்டாருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஈஸ்வரமூர்த்தி