கதவு திறக்க நேரமாகும்

என் கண்ணான பேத்திக்கு,

உன் பாட்டி எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம். முதல் வரியில் நலம் என்று எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. முழுவதும் படித்துவிட்டு, போடத் தோன்றினால் நீயே போட்டுக்கொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். அதுவரை போனைக் கையில் எடுக்காதே. உன் அம்மா, 'அவளுக்குப் படிப்பு முடிகிற நேரம், ஒன்றும் எழுதித் தொலைக்காதே' என்று சொன்னாள். கீழ் வீட்டு வாத்தியாரம்மா, நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன் என்றார். என் பேத்திக்கு எழுத எனக்குக் கை இல்லையா என்று கேட்டுவிட்டேன். ஐந்தாவதோடு நின்ற கைதான். பிழை இருந்தால் திருத்திக்கொள். மூளையையே திருத்தப் போகிறவளுக்கு இது ஒரு வேலையா.

மூளைக்குள் ஊறும் ரசாயனங்களை நீ ஆராய்ச்சி செய்கிறாய் என்பது இந்தக் கட்டடத்தில் தெரியாதவர் இல்லை. யாரையும் தெரியாமல் நான் விட்டுவைக்கவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவனுக்குக்கூட டோபமின் என்றால் என்னவென்று தெரியும். தாத்தாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் நீதானே முதலில் சொன்னாய், இது வெறும் வயசு இல்லை, மூளையில் டோபமின் சுரக்கிற இடம் காய்ந்துகொண்டு வருகிறது என்று. நரம்பு டாக்டரும் அச்சு அசலாக அதையே சொன்னார். அவர் சொன்னது துக்கச் செய்தி. எனக்கோ, என் பேத்தி சொன்னதைத்தானே இவரும் சொல்கிறார் என்று உள்ளுக்குள் ஒரே பெருமை. மனசு எப்படிப்பட்டது பார்.

இரண்டு மாத்திரைகளையும் நீ விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. முதல் மாத்திரை மூளைக்குச் சரக்கு கொடுக்கும், மூளை அதை வைத்து டோபமினைத் தானே செய்துகொள்ளும். இரண்டாவது மாத்திரை டோபமின் போல வேஷம் போட்டுக்கொண்டு போய், அது உட்காருகிற நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்ளும். அந்த வேஷக்காரனைப் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொன்னதும் நீதான். கேட்டோம், கொடுத்தார். ஒரு மாதத்தில் உன் தாத்தா சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். போனில் அதைப் பார்த்து நீ அழுதாய். நானும் அழுதேன். அவர் மட்டும், பொத்தானுக்குப் போய் இப்படி ஒப்பாரி வைக்கிறீர்களே என்று கேலி செய்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் யாரும் சொல்லவில்லை.

முதலில் மேசை விசிறியைக் கழற்றினார். எண்ணெய் விட்டுத் திரும்ப மாட்டினார், நன்றாகத்தான் ஓடியது. வேலையில் இருந்த காலத்து லிஃப்ட் மெக்கானிக் திரும்பி வந்துவிட்டார் என்று நான் பூரித்துப் போனேன். அடுத்து மிக்சி, அடுத்து சுவர்க்கடிகாரம், அடுத்து குளியலறைத் தாழ்ப்பாள். போகப் போகக் கழற்றுவது மட்டும்தான், மாட்டுவது இல்லை. செய்தித்தாளை விரித்து ஆணிகளையும் திருகுகளையும் அளவுவாரியாக அடுக்குவார். அடுக்கி முடித்ததும் எல்லாவற்றையும் கையால் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்குவார். சாப்பிடக் கூப்பிட்டால், 'இதோ, இந்த ஒண்ணு' என்பார். அந்த ஒண்ணு முடியவே முடியாது. முகத்தில் சந்தோஷமும் இருக்காது, வருத்தமும் இருக்காது. தட்டில் சோறு காய்ந்து போகும்.

புதிதாக எதன் மேலாவது ஆசை வந்திருக்கிறதா, சூதாட்டம், கண்டதை வாங்குவது, அப்படி ஏதாவது, என்று டாக்டர் கேட்கத்தான் செய்தார். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றார் தாத்தா. வீட்டில் ரிப்பேர் வேலை பார்க்கிறார் டாக்டர், இளவட்டம் மாதிரி இருக்கிறார் என்று நான் சொன்னேன். டாக்டர் சிரித்தார். நாங்களும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி.

ஒரு மத்தியானம் நான் கடைக்குப் போயிருந்தேன். தாத்தா தன் வேலைக்காலத்து லிஃப்ட் சாவியை எடுத்துக்கொண்டு போய், நம் மாடியில் லிஃப்டின் வெளிக்கதவுப் பூட்டைக் கழற்றிவிட்டார். கூண்டு அந்த மாடியில் இல்லாவிட்டால் கதவைத் திறக்க விடாத பூட்டு அது. எத்தனையோ கட்டடங்களில் அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர் அவர். மாடிப்படி கூட்டுகிற அம்மா வாளியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே வந்தவள், கதவைத் திறந்து காலை வைத்திருக்கிறாள். கூண்டு கீழ் மாடியில் நின்றிருந்தது. அதன் கூரை மேல் விழுந்தாள். அவள் அலறியது எனக்குத் தெருமுனையிலேயே கேட்டது. ஓடி வந்தால், உன் தாத்தா படியில் உட்கார்ந்து கைக்குட்டையை விரித்து, பூட்டின் ஸ்பிரிங்குகளை வரிசை வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அலறலிலும் அவர் கை நிற்கவில்லை.

என் லிஃப்டில் ஒருத்தர்கூட விழுந்தது இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன்.

அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. இனி நடப்பாள், ஆனால் படி ஏற மாட்டாள் என்கிறார்கள். படி கூட்டிப் பிழைத்தவள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். 'ஐயாதான் கழட்டினாருன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா, நான் நம்பலை' என்றாள். நம்பாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர்தான் என்று சொன்னேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், அவள் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. போலீஸ் வந்து விசாரித்தது. டாக்டர் மருந்தைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார். என்ன முடிவாகும் என்று தெரியவில்லை.

டாக்டர் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். மூளையில் கை காலை ஆட்டுகிற பக்கத்தில்தான் டோபமின் காய்ந்திருக்கிறதாம். ஆசையும் பிடிவாதமும் பிறக்கிற பக்கத்தில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறதாம். உள்ளே போகிற மாத்திரைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தெரியாது. மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லையே என்று மோட்டாரை வேகமாக ஓட விட்டால், கீழ் வீட்டுக் குழாய் பிய்த்துக்கொண்டு அடிக்காதா, அந்தக் கதைதான் என்றார். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்றும் சொன்னார். தாத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'அப்போ அந்தப் பூட்டைக் கழட்டினது நானா, மாத்திரையா டாக்டர்?' என்று கேட்டார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னார்.

வேஷக்கார மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காதாம். கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தியதையே தாங்கவில்லை. வியர்த்துக் கொட்டியது, காரணமில்லாமல் அழுதார். ஒன்றே ஒன்று கொடு என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். கொடுக்காதபோது, மாத்திரையை ஒளித்து வைத்து என்னைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது இல்லை. மாத்திரை பேசுகிறது, அவர் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாத்திரையைத்தான் நிறுத்திக்கொண்டிருக்கிறோமே, அப்போது பேசுவது யார் என்றும் தோன்றியது.

குறைக்கக் குறைக்க நடுக்கம் வந்தது, ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் மட்டும் கை நன்றாக இருந்தது. இது என்ன கூத்து என்று எனக்குப் புரியவில்லை. டாக்டருக்கும் புரியவில்லை. ஞாயிறு தோறும் நீ போன் செய்யும்போது போட்டுக்கொள்வாரே, அந்த நீலச் சட்டை, அதைத் துவைக்க எடுத்தேன். பையில் காகிதத்தில் பொதிந்த வேஷக்கார மாத்திரைகள் இருந்தன. இங்கே கடையில் கிடைக்காமல் போனபோது கையிருப்புக்கு என்று நீ அனுப்பினாயே, அந்த டப்பாவில் இருந்தவை. ஆரம்பத்திலிருந்தே, நீ போனில் வருவதற்கு முன்னால் கணக்குக்கு மேல் எடுத்து விழுங்கியிருக்கிறார். நீ பார்த்த தாத்தா அந்த ஒரு மணி நேரத் தாத்தா. அவரைப் பார்த்துத்தான் மருந்து நன்றாக வேலை செய்கிறது, விட்டுவிடாதீர்கள் என்று நீயும் சொன்னாய்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கோபம் வரவில்லை அவருக்கு. 'புள்ள இதுக்காகத்தானே அவ்வளவு தூரம் போய்ப் படிக்குது. நம்மகிட்டயே மருந்து பலிக்கலைன்னா அதுக்கு மனசு விட்டுப் போயிடாதா' என்றார்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீ உன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வாய் என்று தெரியும். ஏறாதே. உன் மருந்து பொய் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. பாசம்தான் ஒரு மாத்திரை கூடுதலாக விழுங்கிவிட்டது. ஆனால் மறைத்துவைத்தால் நாளைக்கு நீ யாரோ ஒரு கிழவருக்கு மருந்து சொல்லும்போது அவருடைய நல்ல சட்டையை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுவாய். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இப்போது வேஷக்காரன் முழுதும் போய்விட்டான். முதல் மாத்திரை மட்டும்தான். வீட்டில் எதையும் அவர் கழற்றுவது இல்லை. கழற்றவும் முடியாது, ஒரு ஸ்பூனைப் பிடிக்கவே பாடுபடுகிறார். சில நேரம் பாதி நடையில் அப்படியே நின்றுவிடுகிறார், அதிலும் வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. நேற்று சமையலறை வாசலில் நின்றுவிட்டு, 'ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன், கையால சுத்தி இறக்குங்கப்பா' என்றார். கரண்டு போனால் மேலே ஏறிப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றித்தானே கூண்டை இறக்குவார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துப் பார்த்தால் அவர் கண் நிறைந்திருந்தது. கேலி செய்தது அவரேதான். அவர் திரும்பி வந்துவிட்டார், குட்டி. திரும்பி வந்தவர், தான் என்ன செய்தோம் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மா எப்படி இருக்கிறாள் என்று தினமும் கேட்கிறார். இதற்கு அந்த மாத்திரையே தேவலையோ என்றுகூட ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

கடிதத்தின் காரணம் இதுதான். இனிமேல் ஞாயிறு தோறும் முகம் பார்த்துப் பேசுவது வேண்டாம். டப்பாவை டாக்டரிடமே கொடுத்துவிட்டேன், ஆனாலும் ஞாயிறு வந்தால் அந்த நீலச் சட்டையைக் கேட்கிறார், அதைப் போட்டுக்கொண்டு பையைத் தடவுகிறார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவரை நீ பார்க்க வேண்டும் என்றால் நேரில் வா. தேதி சொல்லாதே. சொன்னால் அன்றைக்கு உனக்காக நன்றாக இருக்க வேண்டும் என்று எதையாவது செய்துகொள்வார். எப்படி இருக்கிறாரோ அப்படியே வந்து பார்.

படிப்பில் மனதை வை. நீ பெரிய ஆளாக வருவாய், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நூறு வயது நன்றாக இரு.

வந்து கதவைத் தட்டும்போது நான் அந்த அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் இருப்பேன். அவர்தான் எழுந்து வருவார். நடுவில் அறை வாசல் ஒன்று இருக்கிறது, அதில் நின்றுவிடுவார். தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், அதைத் தாண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எப்படியும் தாண்டிவிடுவார். கதவு திறக்க நேரமாகும். வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துப் போய்விடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
பாட்டி