போட்டோவுக்கு வந்த கோட்டு

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் போலீஸ் விளம்பரப் பிரிவு ஒட்டிய போஸ்டரில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கிராமக் காவல் தொண்டர்களாகச் சேர வாருங்கள் என்று ஊரையே கூப்பிடுகிறேனாம். படம் எடுத்த கையோடு அந்த மின்னுகிற மஞ்சள் கோட்டைக் கழற்றிப் பக்கத்து ஊர்ப் படத்துக்குக் கொண்டுபோனார்களே, அது போனது போனதுதான். நானும் என்னோடு தொண்டராகச் சேர்ந்த நம்மூர்த் தையல்காரரும் ராத்திரியில் வெறும் சட்டையோடு நெடுஞ்சாலையில் நிற்கிறோம். வண்டிக்காரன் கண்ணுக்கு நாங்கள் தெரிய வேண்டாமா? சம்பளமா கேட்டோம்?

உன் தம்பி

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

கோபத்தை மூட்டை கட்டி வை. இந்த வருட நிதியெல்லாம் விளம்பரத்துக்கே சரியாகப் போய்விட்டது. ஆள் சேர்ந்தால்தான் மேலிடம் கோட்டுக்கு ஒதுக்கும். தொண்டர் படைத் தொடக்க விழா வரை பொறுத்துக்கொள். உன் போஸ்டரை இங்கே மெச்சாத ஆளில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 19

அக்கா,

நேற்று ராத்திரி தையல்காரரை வேன் இடித்துவிட்டது. விபத்து நடந்த இடத்தில் கை காட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். கால் முறிந்துவிட்டது. ஆள் நின்றதே தெரியவில்லை என்று டிரைவர் அழுகிறான். அவனைத் திட்டி என்ன பயன்? ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னிடம், "போஸ்டர்ல நீங்க போட்டிருந்தீங்களே, அத இவருக்குக் குடுத்திருக்கக் கூடாதா?" என்றார். இதற்கு நீ பதில் சொல்.

தம்பி

ஜூன் 24

தம்பிக்கு,

கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. விழா மேடையில் அவரைப் பாராட்ட ஏற்பாடு செய்துவிட்டேன். கட்டுப் போட்ட காலோடு ஒரு படம் எடுத்து அனுப்பு. புதுப் போஸ்டருக்கு உருக்கமாக இருக்கும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அக்கா

ஜூலை 1

அக்கா,

படம் வராது. விழாவுக்காக என் போஸ்டர் படத்தைப் போட்டு நீங்கள் கட்டிய மின்னுகிற மஞ்சள் பேனரை அவிழ்த்துவிட்டேன். தையல்காரர் படுத்தபடியே வெட்டிக் கொடுத்தார், அவர் மனைவி கோட்டாகத் தைத்தார். வெளிச்சம் பட்டால் தூரத்திலிருந்தே தெரிகிறது. "இப்பவாவது போட்டுக்குங்க" என்று முதல் கோட்டை எனக்கே மாட்டிவிட்டார். முதுகில் என் மூஞ்சியே பல்லைக் காட்டுகிறது.

பேனரைக் கிழித்ததற்குக் கேஸ் போடுவதானால் போடு. பிடிக்க வருகிறவர்கள் என்னைத் தேடி அலைய வேண்டாம், நெடுஞ்சாலையில்தான் நிற்கிறேன்.

தம்பி வேண்டுமென்றால் எழுது. போஸ்டருக்கு ஆள் வேண்டுமென்றால் வேறு யாரையாவது பார்.