பெட்ரோல் மூடியில் நான் வைத்த சோப்பு

என் உயிர் மச்சான் அந்தோணிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. லிங்கராஜபுரத்து ஷெட்டில் உங்கள் ஸ்பேனர்கள் நீங்கள் மாட்டிய ஆணியிலேயே தொங்குகின்றன. எனக்கும் உங்கள் தங்கை ஸ்டெல்லாவுக்கும் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தைக்கு உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கெடுத்தவன் நான்தான் என்று எப்படிச் சொல்வேன்?

பந்தயக் கார்களின் பெட்ரோல் டேங்குக்குக் காற்றுக்குழாய் வைக்க இப்போது என்னைத்தான் தேடி வருகிறார்கள். டேங்கின் உச்சியிலிருந்து மெல்லிய குழாயை மேலே ஏற்றி, ஒரு சுற்று வளைத்து, சூடான புகைக்குழாய்க்கு எட்டாத இடத்தில் காருக்கு அடியில் வெளியே விடுகிறேன். நடுவில் ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கும். கார் கவிழ்ந்தால் அது உருண்டு வழியை அடைத்துக்கொள்ளும். மற்ற நேரத்தில் டேங்க் தாராளமாக மூச்சு விடும். அண்ணன் இருந்தால் எவ்வளவு பெருமைப்படுவார் என்கிறாள் ஸ்டெல்லா. கை கழுவும் சாக்கில் நான் வெளியே போய்விடுகிறேன்.

நம் காருக்கு அதெல்லாம் ஏது? மூடியில் ஆணி அடித்துப் போட்ட ஒரு ஓட்டை, அவ்வளவுதான். திருப்பத்தில் பெட்ரோல் தெறித்தால் வண்டி எச்சில் துப்புகிறது என்று சிரிப்பீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அதே காரில்தான் போனோம். சாமியார் தீர்த்தம் தெளிக்காமல் நீங்கள் பந்தயத்துக்குப் புறப்பட மாட்டீர்களே! ஸ்டெல்லாவுக்கு அப்போது மூன்றாம் மாதம். பெட்ரோல் வாடை அவளுக்குக் குமட்டியது. ஒழுகுகிற டேங்கை எப்போதும் அடைப்பதுபோல, பார் சோப்பைக் கிள்ளி ஓட்டையில் அழுத்திவிட்டேன். கோயில் வரைக்கும்தானே, அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பூசை முடிந்து ஸ்டெல்லாவை வீட்டில் விட்டோம். சண்டைக் காலத்து விமான ஓடுபாதையில்தான் பந்தயம். அதற்குப் பக்கத்திலிருந்த முனியப்பாவின் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பினோம். அவரே மூடியைத் திருகினார். புறப்படும் நேரத்தில் நீங்கள் கேட்டீர்கள்.

"மாப்ளே, மூடி பாத்தியா?"

"பாத்தாச்சு மச்சான், கெளம்புங்க."

இறுகியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். சோப்பு நினைவுக்கே வரவில்லை.

மூன்றாவது சுற்றில் வண்டி இருமியது. காற்று உள்ளே போக வழியில்லை, அதனால் டேங்க் நிறைய இருந்த பெட்ரோல் எஞ்சினுக்கு வரவில்லை. நேர்பாதையின் நடுவில் நின்றுபோனீர்கள். பின்னால் புழுதிக்குள் வந்தவருக்கு உங்கள் கார் தெரியவில்லை.

உங்களைத் தூக்கிக்கொண்டு போனபிறகு நான் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. தகரத்துக்கு மூச்சு வந்துவிட்டது, உங்களுக்கு வரவில்லை. சோப்பை நகத்தால் சுரண்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் மச்சான் அப்படிச் செய்தேன்?

முனியப்பா மண்ணெண்ணெய் கலந்ததுதான் காரணம் என்று ஸ்டெல்லா நம்புகிறாள். தினம் அவரைச் சபிக்கிறாள். நம் தெருக்காரர் யாரும் அந்தப் பங்குக்குப் போவதில்லை. போன மாதம் அவர் ஷெட் வாசலில் வந்து நின்றார்.

"நீங்களாவது நம்புங்க சாமி. நான் ஒண்ணும் கலக்கலே."

டீ சொல்கிறேன் என்றேன். அவர் டீ குடிக்காமலே போய்விட்டார். உண்மை தெரிந்தால் தன் குமட்டலால்தான் அண்ணன் போனார் என்று ஸ்டெல்லா உடைந்துபோவாள் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி என் பயம்.

வரும் ஞாயிறு உங்கள் வருஷப் பூசை. அதற்கு முன்பே இந்தக் கடிதத்தை ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டுவேன். குமட்டல் உன்னுடையது, மறதி என்னுடையது என்று சொல்வேன். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசாவிட்டாலும் சரி. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் இதைப் படிப்பேன். முனியப்பாவையும் அழைத்திருக்கிறேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இன்னொரு தரம் நீங்கள் என்னிடம் கேட்க முடிந்தால், சரியாகப் பதில் சொல்வேன். மூடியைப் பார்க்கவில்லை மச்சான், கொஞ்சம் பொறுங்கள், இறங்குங்கள்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
மாப்பிள்ளை லூர்து